2ஏ லாண்ட் ரோவருக்கு சீரிஸ் 3 கியர்பொக்ஸ் ஏறுமோ?

வெள்ளவத்தை88:
அப்பாவின்ர லாண்ட் ரோவர் இப்ப என்ர கையில. 1965, சீரிஸ் 2ஏ, முன்-பின் சில்லுகளுக்கு இடையில 88 அங்குலம், 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கினால் 'கர்ர்ர்' எண்டு கத்துது, பம்பலப்பிட்டிச் சந்தியில நிக்கிற ஆக்கள் திரும்பிப் பாக்கினம். பஞ்சிகாவத்தையில ஒரு கடையில சீரிஸ் 3 பொக்ஸ் ஒண்டு கிடக்குது. "அப்பிடியே ஏறும்" எண்டு முதலாளி சத்தியம் பண்ணுறார், ஒல்டர்னேட்டரும் (டைனமோவுக்குப் பதிலா பற்றரிக்குச் சார்ஜ் ஏத்துறது) சேர்த்துத் தருவாராம். ரேஞ்ச் ரோவர் டிஃப் (டிஃபரென்ஷியல், அச்சுக்குள்ள சில்லுகளைச் சுத்துற பல்லுச்சக்கரத் தொகுதி) போட்டால் ஹைவேயில சுகமா ஓடலாம் எண்டு ஒரு சிநேகிதன் சொல்லுறான். எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்யலாமோ?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, காசை எண்ணிக் குடுக்க முதல் ஒரு விசயம். 2ஏ-யில சிங்க்ரோ (கியர் மாத்தேக்க பல்லுகளின்ர வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் விழச் செய்யிற வளையம்) இருக்கிறது 3க்கும் 4க்கும் மட்டும்தான். 1, 2 ரெண்டுக்கும் பிறப்பிலேயே கிடையாது. உங்கட பொக்ஸுக்கு ஒரு வருத்தமும் இல்லாமலே இருக்கலாம். அப்பா எப்பிடி ஓட்டினவர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ: கிளச்சை மிதிச்சு நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலரேட்டரில ஒரு தட்டு, திரும்ப மிதிச்சு ரெண்டுக்கு. இப்பிடி டபுள் கிளச்சில போட்டுச் சத்தமில்லாமல் விழுந்தால் விட்டிடுங்கோ. கடுகண்ணாவை இறக்கத்தில ரெண்டில போகேக்க, அக்சிலரேட்டரில இருந்து காலை எடுத்தவுடன லிவர் தானாத் தெறிச்சு வெளிய வந்தால் அது வேற கதை. உள்ளுக்கு மெயின் ஷாஃப்ட் புஷ் தேஞ்சிருக்கும், இல்லாட்டி ஸ்பிரிங் செத்திருக்கும். அதுக்கும் பொக்ஸையே மாத்தத் தேவையில்லை.

அப்பிடியும் சீரிஸ் 3 தான் வேணுமெண்டால், ஏறும். ஆனால் தனிய ஏறாது. 2ஏ கிளச் 9 அங்குலம், சுருள் ஸ்பிரிங். 3-இல 9.5 அங்குல டயஃப்ரம். கிளச்சைத் தள்ளுற முறையும் வேற: 2ஏ-யில ஸ்லேவ் சிலிண்டர் (மிதிச்சால் ஒயில் அழுத்தத்தில கிளச்சைத் தள்ளுறது) தனி பிராக்கெட்டில தொங்கும், 3-இல பெல்ஹவுசிங்கிலேயே (கிளச்சை மூடுற கூடு) பூட்டியிருக்கும். அதால பெல்ஹவுசிங், கிளச் கவர், பிளேட், ஸ்லேவ், அதின்ர ஹோஸ் எல்லாம் அதே வண்டியில கழட்டினதா வேணும். ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸையும் (கியர்பொக்ஸுக்குப் பின்னால, முன் பின் அச்சுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிறது) பிரிக்காமல் எடுங்கோ. எஞ்சினில கிளச் பூட்டுற ஃப்ளைவீலில பெரிய கிளச் கவருக்கு ஓட்டை இருக்கோ எண்டு பார்க்கவேணும், இல்லாட்டி அதுவும் சேர்த்துத்தான். மேல சொன்ன சாமானில ஒண்டையெண்டாலும் "பிறகு தேடித் தாறன்" எண்டு முதலாளி சொன்னால் வாசலாலேயே திரும்பி வாங்கோ.

கடையிலேயே ட்ரெயின் பிளக்கைக் கழட்டச் சொல்லி, வாற ஒயிலை விரலில தொட்டு வெயிலில பிடியுங்கோ. மஞ்சள் மினுக்கம் தெரிஞ்சால் சிங்க்ரோ வளையம் தேய்ஞ்சிருக்கு. நகத்தில தட்டுப்படுற இரும்புச் செதில் வந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். பழைய பொக்ஸை மட்டும் இரும்புக்கடைக்குப் போடாதேங்கோ. பல்லுப் பலத்தில எனக்கெண்டால் அதுதான் திறம்.

ஹட்டன்பையன்:
டிஃப் பத்தி நான் சொல்றேன் அண்ணே. நம்ம வண்டியில டிஃப் விகிதம் 4.7, ரேஞ்ச் ரோவர்ல 3.54. எண் குறைஞ்சா ஹைவேல எஞ்சின் மெதுவா சுத்தும், ஆனா ஏத்தத்துல இழுவை குறையும். பழசு எடுத்தா அச்சுக்குள்ள பெருசா வெட்டி ஒட்டாமலே உக்காரும். ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டையும் மாத்தணும். ஒன்னு மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டீங்கன்னா ஏதோ ஒன்னு உடையும். ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர்ல இருந்து வர்றதால முள் 60 காட்டுறப்ப வண்டி 80ல போகும். பொலிஸ்காரர்கிட்ட அத விளங்கப்படுத்த ஏலாது. அந்த 2.25 எஞ்சினுக்கு ஹட்டன் ஏத்தமே போதும் போதும்னு இருக்கும், இதையும் போட்டா லொறிக்குப் பின்னால ரெண்டாம் கியர்லயே கிடக்கணும். சமதரை ரோட்டுல மட்டும் ஓடுறவங்களுக்குச் சரி. நான் போட மாட்டேன்.

வெள்ளவத்தை88:
ரெண்டு பேருக்கும் நன்றி. டிஃப் கதையை விட்டிட்டன். டபுள் கிளச்சில சில தரம் பூப்போல விழுது, சில தரம் கத்துது, அப்ப கை பழகவேணும் போல. பொக்ஸும் இப்ப வேண்டாம். ஒல்டர்னேட்டரையாவது வாங்கவோ? பற்றரியைப் பார்த்தன், பிளஸ் முனைதான் சேஸியோட பூட்டியிருக்கு. இது சரியோ?

கொட்டாஞ்சேனைக்காரன்:
உங்கட வருசத்துக்கு அதுதான் சரி. 1967 வரைக்கும் பிளஸ்ஸைத்தான் பாடிக்குக் குடுத்தவங்கள், பிறகுதான் மைனஸுக்கு மாறினது. இப்பிடியே ஒல்டர்னேட்டரைக் கொழுவினால் டயோட் அந்த நிமிசமே எரிஞ்சு போகும். முதல்ல பற்றரியைத் திருப்பி மைனஸைச் சேஸிக்குக் குடுங்கோ. இக்னிஷன் கொயிலின்ர ரெண்டு வயரையும் இடம் மாத்துங்கோ, அம்மீற்றர் இருந்தால் அதையும். டைனமோவின்ர ரெகுலேட்டர் பெட்டியை வயரிங்கில இருந்து விலக்கவேணும். ஸ்டார்ட்டரைத் தொடத் தேவையில்லை, அது எந்தப் பக்கம் குடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். அப்பா காலத்து ரேடியோ ஏதும் டாஷில இருந்தால் பற்றரியைத் திருப்ப முதல் கழட்டி வையுங்கோ.