இறக்கத்தில் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, பெல்ட்டும் தட்டுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

பனித்தடம்:
எல்லோருக்கும் வணக்கம். போன சீசன் முடியும்போது ஒரு பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) வாங்கினேன், இருவர் உட்காரும் வண்டி, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மீட்டரில் 6,400 கி.மீ. பைக் வேலை ஓரளவு பழக்கம் உண்டு, பிரேக் பேட், செயின் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன், ஆனால் இந்த வண்டியின் உள்ளே இதுவரை கை வைத்ததில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீளமான ஒரு இறக்கம், பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். பாதி இறங்கும்போதே லீவர் தளர ஆரம்பித்தது, கடைசியில் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. மூன்று நான்கு முறை வேகமாக அழுத்தியதில் கொஞ்சம் பிடித்து எப்படியோ நின்றோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் லீவர் ஒன்றுமே நடக்காதது போல கெட்டியாக இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

இரண்டாவது, பத்து நாளாக மெதுவாகப் போகும்போது தட், தட் என்று ஒரே தாளத்தில் ஒரு அடி. வேகம் கூடினால் தாளமும் கூடி, அப்புறம் அதிர்வாக மாறிவிடுகிறது. மூன்றாவது, செயின் கேஸ் (எஞ்சின் விசையைக் கீழே கடத்தும் செயின் ஆயிலில் ஓடும் பெட்டி) டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், ஆயில் பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

தெரிந்த ஒரு மெக்கானிக் "பிரேக்கை ப்ளீட் செய்தால் போதும்" என்கிறார், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றினால் போதுமாம். அது போதுமா? இல்லை, எல்லாவற்றையும் திறக்க வேண்டுமா? திறப்பதென்றால் எதை முதலில்?

உறைகாற்று:
முதலில், அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள், பக்கத்தில் போய் வருவதற்குக்கூட.

சூட்டில் லீவர் தளர்ந்து, ஆறியதும் கெட்டியானால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். கொதித்தால் ஆவிக்குமிழ் வரும், குமிழை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிஸ்டனைத் தள்ளாது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், லீவரும் பழையபடி ஆகிவிடும், அதனால்தான் பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் 155 டிகிரிதான். 75 டிகிரி போச்சு. நீண்ட இறக்கத்தில் இரண்டு பேர் எடையோடு விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும்.

மூன்று கேள்வி. ஆயில் என்ன நிறம்? வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் ட்ராக்கை (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டையை) சுற்றினால் லேசாகச் சுற்றுகிறதா? ராத்திரி நிறுத்தும்போது பார்க்கிங் லாக் (பிரேக்கை அழுத்தியபடியே பூட்டி வைப்பது) போடுவீர்களா?

பனித்தடம்:
ஆயில் அடர் பழுப்பு. பழைய உரிமையாளரிடம் கேட்டேன், "அதை மாற்றும் தேவையே வந்ததில்லை" என்றார். பின்பக்கத்தைத் தூக்கி ட்ராக்கை இழுத்துப் பார்த்தேன், இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் நகர்கிறது. பார்க்கிங் லாக், ஆமாம், தினமும் போடுவேன், பைக்குக்கு சைடு ஸ்டாண்டு போடுவது மாதிரி பழகிவிட்டது. ஈரமான பனியில் ஓட்டிவிட்டு வந்தாலும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பழையஸ்பானர்:
தம்பி, உங்கள் மூன்று புகாரில் முதல் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஈரத்தோடு வந்து லாக் போட்டால் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் ராத்திரி உறைந்து இரண்டையும் ஒட்டிவிடும், காலையில் லாக்கை எடுத்தாலும் ஒட்டு விடாது. நீங்கள் ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கிறீர்கள், எஞ்சின் பக்கத்துப் பிரைமரி கிளட்ச் பெல்ட்டைப் பிடிக்கிறது, பெல்ட்டின் மறுமுனையில் ட்ராக் பக்கம் இருக்கும் செகண்டரி கிளட்ச் சுற்றவில்லை. அந்த இரண்டு மூன்று நொடியில் பெல்ட்டின் ஒரே இடம் பிரைமரித் தட்டுகளுக்கு நடுவில் தேய்ந்து எரிந்து ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுங்கின இடம் தட்டுகளுக்குள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு அடி. உங்கள் தட் தட் அதுதான், வேகத்தோடு தாளம் கூடுவதும் அதனால்தான். பெல்ட்டைக் கழற்றி முழுச் சுற்றும் அகலம் பாருங்கள், வெர்னியர் இருந்தால் ஒரு சாண் இடைவெளியில் அளந்துகொண்டே போங்கள், அந்த இடம் கையில் சிக்கும். சிக்கினால் அந்த பெல்ட் முடிந்தது, திருத்த வழியில்லை. ட்ராக் தரையோடு உறைந்திருந்தாலும் இதே கதைதான், அதனால் காலையில் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

இப்போது பிரேக். ட்ராக் அவ்வளவு கனமாகச் சுற்றுகிறது என்றால் பேட் டிஸ்கை விடவே இல்லை. ஓட்டும் நேரம் முழுக்க உரசிக்கொண்டே இருந்திருக்கிறது, இறக்கம் வருவதற்கு முன்பே பேடை அழுத்தும் காலிப்பர் சூடாகிவிட்டது, ஆயிலும் பழசு, கொதித்துவிட்டது. ப்ளீட் மட்டும் செய்தால் புது ஆயில் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் உரசல் அப்படியே இருக்கும். அதனால் உங்கள் மெக்கானிக் சொன்னது பாதிதான் சரி.

எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பின்பக்கத்தைத் தூக்கி வைத்த நிலையிலேயே காலிப்பரில் இருக்கும் ப்ளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை), குழாய் மாட்டி, கால் சுற்று திறந்துவிடுங்கள். திறந்ததும் ட்ராக் லேசாகிவிட்டால் அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்: லீவர் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் அந்தச் சின்னத் துளை அடைத்திருக்கலாம், லீவர் முழுதாகத் திரும்பாமல் எதிலாவது இடிக்கலாம், பழைய ஹோஸ் உள்பக்கம் உப்பியிருக்கலாம். திறந்தும் கனமாகவே இருந்தால் கோளாறு காலிப்பர் பக்கம்: பிஸ்டன் இறுகியிருக்கும், இல்லையென்றால் டிஸ்க் நகரவில்லை.

டிஸ்க் நகர்வதா என்று கேட்பீர்கள். பைக்கில் நாம் அதிகம் பார்ப்பது காலிப்பர் நகர்வதை. ஸ்னோமொபைல் பலவற்றில் காலிப்பர் அசையாமல் போல்ட் செய்யப்பட்டிருக்கும், டிஸ்க்தான் ஷாஃப்ட்டின் பல்வரிசையில் இங்குமங்கும் லேசாக நகர்ந்து இரண்டு பேடுக்கும் நடுவில் வந்து நிற்கும். அந்த இடத்தில் துரு பிடித்தால் டிஸ்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரே பேடைத் தின்னும். இரண்டு பேடையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று தடியாக, ஒன்று காகிதமாக இருந்தால் அங்கே போய்த் தேடுங்கள்.

செயின்கேஸ்:
மேலே அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் டிஸ்க் எந்த ஷாஃப்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஜாக்ஷாஃப்ட்டில், அதாவது செகண்டரி கிளட்ச் உட்கார்ந்திருக்கும் அதே மேல் ஷாஃப்ட்டில் இருக்கும். அங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு, மேல் ஷாஃப்ட் கீழே இருக்கும் டிரைவ் ஷாஃப்ட்டைவிட வேகமாகச் சுற்றுகிறது, மேலே 21 பல், கீழே 40 பல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் சின்ன பிரேக்கே போதும். ஆனால் பிரேக் போட்டால் அந்த விசை செயின் வழியாகத்தான் ட்ராக்குக்குப் போகும். செயின் அறுந்தால் எஞ்சின் இழுப்பு மட்டும் போவதில்லை, பிரேக்கும் சேர்ந்து போகிறது. டிஸ்கை நீங்கள் நிறுத்தலாம், ட்ராக் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கீழ் ஷாஃப்ட்டில் இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

அதனால் அந்தப் பால் நிற ஆயிலை மூன்றாவது புகாராக வைக்காதீர்கள், அதுவும் பிரேக் வேலைதான். அந்த நிறம் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸ் சூடாகி, பனியில் ஆறி, மறுபடி சூடாகி உள்ளே வேர்த்தே கொஞ்சம் தண்ணீர் சேரும், சீல் போயிருந்தால் இன்னும் வேகமாக. வண்டியைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத்தான் ஆயிலை இறக்கவேண்டும், ஆனால் உங்கள் பெல்ட்டும் பிரேக்கும் இருக்கும் நிலையில் அதற்காக எஞ்சினை ஓட்டாதீர்கள், சூடான அறையில் ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு இறக்குங்கள். பழைய வண்டி பலவற்றில் ட்ரெயின் போல்ட் இருக்காது, மூடியைத்தான் கழற்றவேண்டும், எப்படியும் செயினைப் பார்க்கக் கழற்றத்தானே போகிறீர்கள்.

காந்தம் உள்ள பிளக்கில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் பயமில்லை, சில்லாகவோ ஊசியாகவோ வந்தால் பேரிங் அல்லது பல் போயிருக்கிறது. பல்சக்கரத்தின் பல் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் சக்கரத்தையும் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள், புது செயினைப் பழைய பல்லில் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆயில் அளவு சின்னதுதான், பல வண்டிகளில் 250-லிருந்து 350 மி.லி. வரை, உங்கள் மேனுவலில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவுதான், கூட ஊற்றினால் சூடாகி கேஸின் காற்றுக் குழாய் வழியாக வெளியே தள்ளும்.

இன்னொன்று. டிஸ்க் பக்கத்தில் இருக்கும் ஆயில் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் நேராகப் பேடில் ஏறும். எண்ணெய் குடித்த பேடை எரித்தோ தேய்த்தோ மீட்க முயலவேண்டாம், தூக்கிப் போடுங்கள். சீலை மாற்றாமல் பேடை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி இங்கே வந்து கேட்பீர்கள்.

உறைகாற்று:
ஜாக்ஷாஃப்ட் விஷயம் சரியான புள்ளி, நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ப்ளீட் செய்யும்போது கவனிக்க: ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் உயரமாக, மூடி மட்டமாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீடர் நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இல்லையென்றால் காலிப்பரைக் கழற்றி அது மேலே பார்க்கும்படி பிடித்து, பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் அளவு தகடு ஒன்றை வைத்து ப்ளீட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு குமிழ் மூலையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க வேலை வாங்கும். லீவரை அழுத்தி, பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடிவிட்டு, அப்புறம்தான் லீவரை விடவேண்டும். அந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். கடைசியில் லீவர் இன்னும் கொஞ்சம் பஞ்சாக இருந்தால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி, சூடான அறைக்குள் ராத்திரி முழுக்க விடுங்கள், சின்னக் குமிழ்கள் மேலே ஏறிவிடும்.

டாட் 4 மூடியில் போட்டிருந்தால் டாட் 4 மட்டும். டாட் 5 சிலிக்கான் ஆயில், இதோடு சேரவே கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பனித்தடம்:
நான்கு நாள் ஆயிற்று. சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்தேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நிப்பிளைத் திறந்தும் ட்ராக் கனமாகவே இருந்தது. பேடைக் கழற்றினேன், உள்பக்கப் பேடில் உரசும் பகுதி 1 மி.மீ.கூட இல்லை, வெளிப்பக்கம் 4 மி.மீ. இருக்கிறது. டிஸ்க் ஜாக்ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது, துரு பிடித்து அசையவே இல்லை, துருநீக்கி போட்டு ஒரு மணி நேரம் ஆனது நகர்த்த. பல்வரிசையைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன், இப்போது விரலால் தள்ளினால் நகர்கிறது. பிஸ்டனில் ஒன்று பாதி இறுகியிருந்தது, சீல் செட் வாங்கிப் போட்டேன். டிஸ்க் நீலம் பாய்ந்து வளைந்திருந்ததால் அதையும் மாற்றுகிறேன்.

பெல்ட்: ஒரு கை அகல நீளத்துக்கு மற்ற இடத்தைவிட 3 மி.மீ. ஒடுங்கியிருக்கிறது, அண்ணா சொன்ன அதே மாதிரி, பக்கவாட்டில் கருகல் வேறு. செயின் கேஸில் சுமார் இரண்டு ஸ்பூன் தண்ணீர், பல் எல்லாம் நன்றாக இருக்கிறது, காந்தத்தில் பூச்சு மட்டும்தான். கீழ் ஷாஃப்ட் சீல் கசிவு, மாற்றிவிட்டேன். செயின் டென்ஷனை மேனுவல்படி விரலால் இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, லாக் நட் போட்டேன்.

கிளட்ச் தட்டுகளில் கறுப்பாகப் பெல்ட் தூள் ஒட்டியிருக்கிறது. அதை எதால் துடைப்பது? பிரைமரியையும் கழற்றவேண்டுமா?

பழையஸ்பானர்:
நல்ல வேலை தம்பி. தட்டுகளை நார்ப்பட்டையால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துணியில் கறுப்பு வராத வரை துடையுங்கள். எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ரே எதுவும் அந்தத் தட்டில் படக்கூடாது, விரல் ரேகைகூட வேண்டாம். பிரைமரியைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும், சுத்தியல் போட்டால் கிராங்க் போய்விடும், மூடியின் உள்ளே அழுத்தப்பட்ட ஸ்பிரிங் வேறு இருக்கிறது. கையால் தட்டை உள்ளே தள்ளி விட்டால் தடையில்லாமல் திரும்புகிறது, ரோலரில் தட்டையான இடம் தெரியவில்லை என்றால் இந்த சீசனுக்கு விட்டுவிடலாம். செகண்டரியில் நழுவும் பட்டன்கள் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது எளிது.

புது பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அம்புக்குறி ஓடும் திசையில் மாட்டுங்கள். பல வண்டிகளில் பெல்ட்டின் மேல்பக்கம் செகண்டரித் தட்டின் விளிம்போடு சமமாக, அல்லது ஒன்றிரண்டு மி.மீ. மேலே நிற்கவேண்டும். ரொம்ப இறுக்கமாக வைத்தால் ஐடிலிலேயே வண்டி ஊரும், அப்போது பிரேக்கையே சந்தேகப்படத் தோன்றும். முதல் 50 கி.மீ. முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம்.

ஸ்டாண்டில் ட்ராக்கை ஓடவிட்டுப் பார்க்கும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது, பெல்ட் கார்டு மாட்டாமல் எஞ்சினைக் கிளப்பவும் கூடாது. புது பேடை மட்டமான இடத்தில் பத்துப் பதினைந்து முறை மெதுவாகப் பிடித்துப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, டிஸ்க் ஆறியபின் லீவரை ஒரு தடவை பாருங்கள். அதுவரை பின்னால் ஆளை ஏற்றாதீர்கள்.

பனித்தடம்:
சரி அண்ணா. டிஸ்க் வந்ததும் மாட்டிவிட்டு எழுதுகிறேன். பார்க்கிங் லாக் போடுவதை நிறுத்திவிட்டேன், வந்து நின்றதும் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் வைக்கிறேன்.