மேட்டூர் வீடு குழு: வளைவில் மட்டும் கடிக்கும் மீன்

[சனி, மாலை 6:41] கார்த்தி: 📷 வந்து சேர்ந்தாச்சு. அலபாமா, வைஸ் ஏரி. அட்லாண்டாவிலிருந்து 2 மணி நேர ஓட்டம். மாநில எல்லையைத் தாண்டியதும் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. தூங்காமல் கிளம்பியதற்கு அதுதான் லாபம்.

[6:43] திவ்யா: மீன்பிடி லைசென்ஸ் எடுத்தாயா அண்ணா? போன தடவை மாதிரி பாதி வழியில் ஞாபகம் வரப் போகிறது.

[6:44] கார்த்தி: வெளிமாநிலத்தாருக்குக் குறுகிய கால லைசென்ஸ் உண்டு. நேற்றே எடுத்தாச்சு.

[6:46] பெரியப்பா: என்ன மீன்?

[6:48] கார்த்தி: கிராப்பி, பெரியப்பா. நம்ம ஜிலேபி மீன் போலத் தட்டை உடம்பு, வெள்ளியில் கறுப்பு மை தெளித்த மாதிரி இருக்கும். இந்த ஏரிக்கு உலகத்தின் கிராப்பித் தலைநகரம் என்று பெயர். வைத்தது இந்த ஊர்க்காரர்கள்தான்.

[6:49] பெரியப்பா: மண்புழுவா?

[6:52] கார்த்தி: இல்லை, ஜிக். ஈயத் தலை வைத்த முள், பின்னால் ரப்பர் வால். எடை 2 கிராம்கூட வராது. பாட்டரி மோட்டாரில் படகை ஓட்டிக்கொண்டே 4 தூண்டிலைப் பின்னால் விட்டு இழுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 25 மீட்டர் நரம்பு. வீசவே வேண்டாம்.

[6:53] மாலா அத்தை: மீனைத் தேடிப் போய் வால் ஆட்டுகிறீர்கள் 😂

[7:20] கார்த்தி: முதல் மீன் போச்சு. கடித்ததும் சுண்டி இழுத்தேன், வாய் கிழிந்து முள் மட்டும் வந்தது. இதன் வாய்த்தோல் காகிதம் மாதிரி.

[7:22] பெரியப்பா: படகுதான் இழுக்கிறதே, நீ எதற்குச் சுண்டுகிறாய்? கோல் வளைந்தபடியே இருக்கட்டும், மெதுவாகச் சுற்றிக் கைவலையில் ஏந்து.

[7:58] கார்த்தி: 3 கிடைத்தது! ஆனால் ஒன்று புரியவில்லை. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. படகைத் திருப்பினால்தான் கடிக்கிறது, அதுவும் இடது ஓரத் தூண்டிலில் மட்டும். அந்த ஜிக்கின் நிறம்தான் ராசி என்று நினைக்கிறேன், கிளிப்பச்சை.

[8:01] பெரியப்பா: எந்தப் பக்கம் திருப்பினாய்?

[8:01] கார்த்தி: இடது.

[8:06] பெரியப்பா: நிறமும் இல்லை, ராசியும் இல்லை. வளைவில் உள்பக்கத் தூண்டில் கொஞ்ச தூரம்தான் நகரும், அதனால் ஜிக் வேகம் குறைந்து கீழே இறங்கும். வெளிப்பக்கம் வேகமாகி மேலே ஏறும். இறங்கியதை மீன் எடுக்கிறது என்றால் நீ மற்ற நேரமெல்லாம் வேகமாகப் போகிறாய். என்ன வேகம்?

[8:07] கார்த்தி: மணிக்கு இரண்டரை கிலோமீட்டர்.

[8:08] பெரியப்பா: ஒன்றரைக்குக் கொண்டு வா. இப்போது வலது பக்கம் திருப்பிப் பார், வலது ஓரத்தில் கடிக்கும்.

[8:31] கார்த்தி: வலது ஓரம். 2 மீன். ஜிக் வெள்ளை நிறம் 🙏

[8:32] திவ்யா: பெரியப்பா பரிசலிலேயே ஜிபிஎஸ் வைத்திருந்தார் போல.

[8:35] கார்த்தி: ஆனால் ரொம்ப இறக்கவும் கூடாதாம். படகு வாடகைக்குத் தந்தவர் சொன்னார், கிராப்பி மேலே பார்த்துத்தான் இரை தேடும், தனக்குக் கீழே போவதைச் சட்டை செய்யாது. மீன் காட்டும் கருவியின் திரையில் கூட்டம் 8 அடியில் தெரிகிறது, ஜிக் 7 அடியில் போனால் சரி.

[8:37] மாலா அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். முள் அதிகமா? குழம்புக்கு ஆகுமா?

[8:40] கார்த்தி: விலா முள்ளை எடுத்துவிட்டால் வெறும் சதைதான் அத்தை. வாசனையே இல்லாத மீன், குழம்பில் காணாமல் போய்விடும். மிளகாய்த்தூளும் அரிசி மாவும் பிசிறி வறுக்கலாம். இங்கே 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும், அதனால் கையில் இருப்பது 4தான்.

[8:41] பெரியப்பா: படகு ஓடுகிறதா?

[8:41] கார்த்தி: இல்லை, டைப் செய்ய நிறுத்தினேன்.

[8:42] பெரியப்பா: நிறுத்தினால் நாலு ஜிக்கும் அடியில் உட்காருமே டா! கீழே கட்டை இருக்கிறதா?

[8:49] கார்த்தி: ஏரி முழுக்க அடிமரக்கட்டைதான் பெரியப்பா. ஒன்று வந்துவிட்டது. மூன்றை அறுத்தாச்சு.