சமருக்கு (கோடைக்கு) வெளிநாடு போய் ரெண்டில (கூடாரத்தில) படுத்தவை, மெல்லிய உடுப்போட பட்ட பாட்டைச் சொல்லுங்கோ

உவர்மலையான்:
பெட்டிக் கதை எல்லாருக்கும் தெரியும்தானே. கருவாடு, அரிசிமா, மிளகாய்த்தூள், மச்சாள் கேட்ட சீலை எல்லாம் வச்சு மிஞ்சின மூலையிலதான் எங்கட உடுப்பு. "சமர்தானே அண்ணை, நாலு சேட், ஒரு சாரம் காணும்" எண்டு தம்பியே போனில சொன்னவன். ரொறன்ரோவுக்கு அது காணும்தான். பிறகு ஒன்ராறியோவில அல்கொன்குயின் பார்க் எண்ட காட்டுக்குக் காம்பிங் எண்டு ஏத்திக்கொண்டு போட்டான். ஓகஸ்ட் மாசம், பகல் நல்ல வெயில், ஏரியில ஆசை தீரக் குளிச்சம். பின்னேரம் நான்தான் நெருப்பு மூட்டிக் கருவாடு பொரிச்சனான்.

படுக்க வெளிக்கிட, தம்பி ரோர்ச்சை அடிச்சுக்கொண்டு கையை நீட்டுறான். "சேட்டைக் கழட்டித் தாங்கோ அண்ணை." சமைச்ச உடுப்போட ரெண்டுக்க படுக்கக் கூடாதாம், மணத்துக்குக் கரடி வருமாம். சாரத்தையும் வாங்கி, மிச்சச் சாப்பாட்டோட கார் டிக்கிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டான். மற்றச் சேட்டுகள் ஏரித் தண்ணியில நனைஞ்சு கயித்தில தொங்குது, ஒண்டும் காயேல்ல. பெனியனும் காற்சட்டையும்தான் மிச்சம். விடியப்புறம் பத்துப் பாகைக்குக் கீழ இறங்கியிருக்கும். பல்லு அடிக்கிற சத்தம் கேட்டிருக்க வேணும், தம்பியின்ர மகன், ஒன்பது வயசு, ஒரு கதை இல்லாமல் தன்ர கம்பளித் தொப்பியைக் கழட்டி என்ர தலையில காது மூட இழுத்து விட்டிட்டுத் திரும்பிப் படுத்திட்டான். காலமை கேட்டால், "தலையாலதான் பெரியப்பா சூடெல்லாம் போகும்" எண்டுறான். பெடியன் வெறுந்தலையோட கிடந்தவன். அந்த நினைவு வந்தால் இப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கு.

நிலாவெளி:
அண்ணை, பெடியன் தங்கம், ஆனா தலையால சூடெல்லாம் போகுது எண்டது பழைய கதை. தலை உடம்பில பத்தில ஒரு பங்கு, அதால போற சூடும் கிட்டத்தட்ட அந்தளவுதான். உங்களை விறைக்கப் பண்ணினது நிலம். ஸ்லீப்பிங் பாக் எவ்வளவு தடிப்பெண்டாலும் முதுகுக்குக் கீழ நசிஞ்சு காத்தெல்லாம் போயிடும், காத்து இல்லாட்டிச் சூடும் நிக்காது. அதுக்குத்தான் கீழ ஒரு பாய் மெத்தை வேணும். பாக் வாங்கேக்கையும் அதில கம்ஃபர்ட் எண்டு போட்டிருக்கிற குளிர்ப் பாகை இலக்கத்தைப் பாருங்கோ, லிமிட் எண்டது சுருண்டு கிடந்து சமாளிக்கிற கணக்கு. பகலுக்குப் பருத்திச் சேட் தாராளமாக் கொண்டு போகலாம், ஆனா வேர்வையிலையோ மழையிலையோ நனைஞ்ச பருத்தியோட படுக்கப்படாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெல்லிய கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூடு வச்சிருக்கும். படுக்கிறதுக்கெண்டு ஒரு சோடி உடுப்பும் கால்மேசும் தனிய ஒரு பையில கட்டி வையுங்கோ, செத்தாலும் பகலில அதைத் தொடாதேங்கோ.

என்ர கதை சின்னன். நோர்வேயில துரொம்சோப் பக்கம், சூரியன் மறையாத ஜூன் கடைசி. அங்க வீடுகளுக்கு 150 மீற்றர் தள்ளி எண்டால் ஒருத்தரையும் கேக்காமல் ரெண்டு இரவு கூடாரம் அடிக்கலாம். நடுச்சாமம் 12 மணிக்குக் கூடாரத்துக்குள்ள வெயில். சாரத்தை நாலா மடிச்சுக் கண்ணில கட்டிக்கொண்டு படுத்தன். வெயில்தானே எண்டு வெளியில தலையை நீட்டினால் மூச்சு புகையாப் போகுது.

திருக்கடலூர் அக்கா:
நிலாவெளித் தம்பி, கேட்டது கதை, நீங்கள் வகுப்பெல்லோ எடுக்கிறீங்கள்.

சுவிஸில மகள் காட்டுப் பக்கம் காம்பிங் கூட்டிக்கொண்டு போக முதல், நீளக் கலிசானைப் போட வச்சு, அதின்ர கால் நுனியை வெள்ளை மேசுக்குள்ள செருகிவிட்டவள். அந்த வெக்கைக்குள்ள! பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் இதென்ன கோலம் எண்டு நல்லா ஏசினன். இவர் கேக்கேல்ல, கட்டைக் காற்சட்டைதான். புல்லுக்கால வந்து குந்தினால், என்ர வெள்ளை மேசில எள்ளளவு ஒண்டு, கால் எல்லாம் விரிச்சு மெள்ள மெள்ள மேல ஏறுது. உண்ணி. கறுத்த மேசெண்டால் கண்டிருக்கவே மாட்டன். மகள் அதைத் தட்டிவிட்டிட்டு அப்பாவைத் திருப்பிப் பாத்தாள், அவருக்கு முழங்காலுக்குப் பின்னால ஒண்டு ஏற்கனவே கடிச்சுப்பிடிச்சிருக்கு. எங்கட நாய்க்கு மண்ணெண்ணெய் வைக்கிற பழக்கத்தில எண்ணெய் இருக்கோ எண்டு நான் கேட்க, அவள் விடேல்ல. எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாமாம். சின்னச் சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேர இழுத்து எடுத்தாள். லைம் எண்டொரு வருத்தம் அதால வருமாம், பிறகு கிழமைக்கணக்கா அந்த இடம் சிவந்து வட்டமாப் பரவுதோ எண்டு பாத்தபடி. ஒண்டும் வரேல்ல. ஆனா மனுசன் இண்டைக்கும் வீட்டில கட்டைக் காற்சட்டையோடதான்.

சீனக்குடா வான்காரன்:
நான் ஒரு நாடும் போனதில்லை, வாற ஆக்களை ஏத்தி இறக்கிறவன். ஒரு சோடி, ஆளுக்கொரு பை, மடியில வைக்கலாம். கூடாரமும் அதுக்குள்ளதான். கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசம். வான் கண்ணாடிக்கும் பனைக்கும் கயிறு கட்டித் தோய்ச்சுப் போடுவினம், நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்கக் காஞ்சிடும். கோணேசர் கோயிலடியில அந்தப் பிள்ளை கட்டைக் காற்சட்டையோட நிண்டுது. உள்ள விடமாட்டினம் எண்டு சொல்ல வாய் எடுக்கிறன், பைக்குள்ள இருந்து மெல்லிய துணி ஒண்டை இழுத்து இடுப்பில சுத்திக்கொண்டு கும்பிட்டபடி போட்டுது. புறாத்தீவில குளிச்சிட்டுக் காலமை துடைச்சதும் அதே துணிதான், நான் கண்ணால கண்டனான். கோணேசருக்குச் சொல்லேல்ல.

நிலாவெளி சொல்றதெல்லாம் வாங்கினால் பிறகு பை எதுக்கு, லொறி பிடிக்க வேணும்.

நிலாவெளி:
வான்கார அண்ணை, உங்கட கச்சான் காத்து கனடா ஏரிக்கரையில அடிக்காது. மரநிழலும் இரவுப் பனியும்தான். உவர்மலை அண்ணையின்ர சேட்டுகள் ஏன் காயேல்ல எண்டு நினைக்கிறீங்கள்?

சீனக்குடா வான்காரன்:
அப்ப அங்க நனைக்காதேங்கோ.

மட்டிக்களி:
சண்டையை விடுங்கோ. ஒருத்தரும் நிறத்தைப் பற்றிக் கதைக்கேல்லையே, அக்காவின்ர வெள்ளைக் கால்மேசைத் தவிர. நாங்கள் போனது மே கடைசி, அதே ஒன்ராறியோக் காடு. அந்த நேரம்தான் கறுப்பு ஈக்கும் சீசன். எனக்கு மங்கின மஞ்சள் சேட், அண்ணிக்குக் கடும் நீலம். ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறம், என்னில ஒண்டு ரெண்டு, அவவின்ர முதுகு தெரியேல்ல. கடும் நிறத்தைத் தேடித்தான் வருமாம். மயிர்க்கரையிலையும் காதுக்குப் பின்னாலையும் கடிச்சு ரத்தம் வழியிற வரைக்கும் அவவுக்குத் தெரியாது, கடிக்கேக்க அவ்வளவா நோகாது. அடுத்த நாள் காது ரெண்டும் வீங்கித் தோட்டைக் கழட்ட ஏலாமல் போச்சு. நுளம்புக்கு இறுக்கின லெகிங்ஸும் சரிவராது, துணிக்கு மேலாலையே குத்தும். தொளதொள எண்டு, வெளிர் நிறத்தில, முழுக்கை. பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சேட் இருந்தால் அதுவே போதும், கடையில காசைக் கொட்டாதேங்கோ.