புதுப்பிப்பு: மூலையில் குவிந்த கோழிக்குஞ்சுகள்

முதல்முறையாக 6 கோழிக்குஞ்சு வாங்கினேன், ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்து ஓயாமல் கத்துகின்றன, பசியா என்று 3 வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். பசி இல்லை, குளிர். சூட்டுக்காகப் போட்ட பல்பை ரொம்ப உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். தெர்மாமீட்டரைக் குஞ்சுகளின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்த்தால் 28 டிகிரிதான். முதல் வாரம் 35 டிகிரி அளவில் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பல்பை இறக்கிய கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கி, பெட்டி முழுக்கப் பரவிப் படுத்துவிட்டன. இப்போதெல்லாம் தெர்மாமீட்டரை அதிகம் பார்ப்பதில்லை. விளக்கடியில் குவிந்தால் குளிர், வாயைப் பிளந்துகொண்டு தள்ளிப் போனால் சூடு, அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மட்டும் பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தேன். காய்ந்ததைப் பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். இன்று அதே குஞ்சுதான் தீவனத் தட்டில் ஏறி நின்று மற்றவற்றை விரட்டுகிறது!

சிறகு முளைத்து, பெட்டியைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கிவிட்டன. கூண்டு இன்னும் பாதியில் நிற்கிறது. முதலில் சாதாரணக் கோழிவலைதான் அடித்தேன். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், நாய்ப் பல்லுக்குத் தாங்காது. அதனால் கழற்றிவிட்டு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்துக்கொண்டிருக்கிறேன்.