ஹோம்ஸ்டே விருந்தினர்களிடம் எதை, எப்போது சொல்வது?

கேள்வி – கோத்தகிரிவாசி
கோத்தகிரிப் பக்கம் 4 அறை ஹோம்ஸ்டே. வாசலில் ஒன்பது வரியில் விதிப்பலகை இருக்கு, யாரும் படிப்பதில்லை. தண்ணீர் பாட்டில் பெட்டியோடு வருகிறார்கள், குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்கள், ராத்திரி காட்டெருமையைப் படம் பிடிக்க டார்ச்சோடு கிளம்புகிறார்கள். மனக்கசப்பு இல்லாமல் மாற்ற என்ன வழி?

மலைப்பாதை
வாசலில் சொல்வது தாமதம். மலையடிவார மேட்டுப்பாளையத்திலேயே பாட்டில் பெட்டியை வாங்கி ஏற்றியாச்சு என்றால் அப்புறம் சொல்லிப் பயனில்லை. இ-பாஸ் (நீலகிரிக்கு வரும் வண்டிகள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி) இணைப்பு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலேயே சேருங்கள். அது இல்லாமல் மேலே வர முடியாது என்பதால் அந்த ஒரு செய்தியை எல்லோரும் கடைசிவரை படிப்பார்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம்: வண்டி எண் மாறினால் புது இ-பாஸ், 1 லிட்டர், 2 லிட்டர் பாட்டில் நீலகிரியில் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள், இங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

நிரப்ப நிஜமாகவே தண்ணீர் இருக்கணும். ஆளுக்கு 3 லிட்டர் கணக்கு, 8 பேருக்கு நாளைக்கு 24 லிட்டர். குழாய் வைத்த கேன் வாசலருகே இருக்கட்டும். சமையலறைக்குள் வைத்தால் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள்.

சோலைக்காடு
மது பாட்டிலை விட்டுவிட்டீர்களே! யானையின் உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். கண்ணாடித் துண்டு ஏறினால் நடக்க நடக்க ஆழமாகிச் சீழ் வைத்துவிடும். அதனால்தான் உயர் நீதிமன்றம் சொல்லி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற டாஸ்மாக் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. ஆனால் ஊர் திரும்பும் அவசரத்தில் யாரும் 10 ரூபாய்க்காகக் கடை தேட மாட்டார்கள். பின்கட்டில் காலி பாட்டில் போட ஒரு கிரேட் (அடுக்குப் பெட்டி) வையுங்கள், அந்தப் பணம் உங்கள் வேலையாளுக்கு. வேலியோரம் கிடப்பதையும் அவரே தேடி எடுப்பார். பணம் திரும்பக் கிடைக்க பாட்டிலில் ஒட்டிய டாஸ்மாக் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கணும், பாட்டிலை ஊறவைத்துக் கழுவ வேண்டாம்.

குரங்கு பிஸ்கட்டால் மட்டும் பழகுவதில்லை, குப்பைத்தொட்டியாலும்தான். தள்ளினால் திறக்கும் மூடியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எச்சில் கழிவை மாலை 5 மணிக்குள் தாழ்ப்பாள் உள்ள அறைக்குள் எடுத்துவிடுங்கள். இருட்டினால் எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும்.

தேயிலைச்சரிவு
காட்டெருமை பார்க்கக் கிளம்புகிறவர்களிடம் "போகாதீங்க" என்பது எடுபடாது. எங்கிருந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். மாலை 6:30-க்கு மேல் கேட்டுக்கு வெளியே வேண்டாம், மாடி வராண்டாவில் நின்று பார்க்கலாம். மேய்ந்துகொண்டிருப்பது தலையைத் தூக்கி 'புஸ்' என்று மூச்சு விட்டால் அதுதான் எச்சரிக்கை. அந்த நேரம் கண்ணில் டார்ச்சோ ஃப்ளாஷோ அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். ஒதுங்க இடமே கிடையாது.

கோத்தகிரிவாசி
நன்றி. இ-பாஸில் வண்டிகளைக் குறைத்தால் இதெல்லாம் தானாகக் குறையாதா?

மலைப்பாதை
குறையாது. 2025 ஏப்ரல்–ஜூன் சீசனுக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அது நெரிசலுக்கு மருந்து. உள்ளே வந்த வண்டியிலிருந்து வீசும் பாட்டிலை அது தடுக்காது.

கிளம்பும் நாள் காலையில் இன்னொரு செய்தி அனுப்புங்கள், உயிர் சம்பந்தப்பட்டது: ஏறிய கியரிலேயே இறங்கணும், நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக் கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடணும், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.