வெளி இணைப்புக் கிளிக்கை எண்ணும் மிடில்வேர்: கணக்கு உதைக்கிறது

தட்டச்சன்:
எக்ஸ்பிரஸில் (ஜாவாஸ்கிரிப்ட் வெப் ஃபிரேம்வொர்க்) சின்னதாக ஒரு மிடில்வேர், அதாவது ரிக்வெஸ்டுக்கும் பதிலுக்கும் நடுவே ஓடும் கோடு, எழுதியிருக்கிறேன். பக்கம் சர்வரை விட்டுக் கிளம்பும்போது அதிலுள்ள வெளித்தள முகவரிகளையெல்லாம் பிடித்து, நம் தளத்திலேயே 'அவுட்' என்றொரு பாதைக்குத் திருப்பி, உண்மையான முகவரியைக் குவெரியில் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) ஒட்டிவிடும். யாராவது அழுத்தினால் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதிவிட்டு 302 (தற்காலிகத் திருப்பல்) கொடுத்து அனுப்பிவைக்கும். இதுவரை சரி. ஆனால் 40 பேர் மட்டுமே பார்த்த பக்கத்தில் ஒரு இணைப்புக்கு 212 கிளிக் காட்டுகிறது, அதுவும் நடு இரவில், ஒரே நொடியில் பக்கத்திலுள்ள அத்தனை இணைப்புக்கும் ஆளுக்கொன்றாக. அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று காட்டும் ரெஃபரர் நெடுவரிசை. ஒரு வரி விடாமல் காலி. பிரவுசரின் டெவ்டூல்ஸில் பார்த்தால் அதற்கான ஹெட்டர் போகிறது, என் கோடுக்கு வந்ததும் மாயம். எங்கே கோட்டை விட்டேன்?

இரவுப்பணி:
ஒரே நொடியில் எல்லா இணைப்பும் என்றால் அது மனிதக் கை இல்லை, கிராலர், அதாவது பக்கங்களைத் தானாக மேயும் பாட். அவுட் பாதையை ரோபாட்ஸ் கோப்பில் (பாட்கள் எங்கே போகக் கூடாது என்று சொல்லும் robots.txt) தடுத்துவிடுங்கள், ஒழுங்கான பாட்கள் அதோடு நின்றுவிடும். அடங்காதவற்றுக்கு யூசர் ஏஜென்ட் (பிரவுசரோ பாட்டோ தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) வடிகட்டி. ஹெட்டரை மட்டும் கேட்கும் 'ஹெட்' ரிக்வெஸ்டை எண்ணவே எண்ணாதீர்கள், எக்ஸ்பிரஸில் 'கெட்'டுக்கு எழுதிய ரூட்டே அதற்கும் ஓடும். 302 சரிதான். யாராவது 301 (நிரந்தரத் திருப்பல்) போடச் சொன்னால் கேட்காதீர்கள், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்களிடம் வராமலே போய்விடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. குவெரியில் எந்த முகவரி வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் அது ஓப்பன் ரீடைரக்ட். உங்கள் டொமைனை முன்னால் வைத்து, பின்னால் போலி லாகின் பக்கத்தை ஒட்டி எவனாவது மெயில் அனுப்பினால், பார்ப்பவர் உங்கள் பெயரை நம்பித்தான் அழுத்துவார். முகவரிகளை டேபிளில் வைத்து எண்ணை மட்டும் இணைப்பில் கொடுங்கள், இல்லாவிட்டால் எச்மேக் (ரகசியச் சாவியால் போடும்) கையொப்பம் சேர்த்துச் சரிபாருங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

நூல்கண்டு:
ரெஃபரரை ஹெட்டர்ஸ் ஆப்ஜெக்டிலிருந்து நேரடியாக எடுக்கிறீர்கள் என்றால் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லில் நடுவே இரண்டு 'ஆர்', ஹெட்டரின் பெயரில் ஒன்றுதான். 1996இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்தப் பிழை ஏறிவிட்டது, பிறகு யாராலும் மாற்ற முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் எவ்வளவு ரெஃபரர் அனுப்புவது என்று சொல்லும் ரெஃபரர் பாலிசி ஹெட்டரில் சரியாக இரண்டு 'ஆர்' இருக்கும். எக்ஸ்பிரஸின் 'கெட்' மெத்தடில் கேட்டால் எப்படி எழுதினாலும் கொடுத்துவிடும்.

தட்டச்சன்:
அதேதான்! ஒரு எழுத்துக்காக இரண்டு நாள் போச்சு. அவுட் பாதையையும் டேபிள் எண்ணுக்கு மாற்றிவிட்டேன், எண் இல்லை என்றால் 404. இப்போது என் பக்கங்களின் முழு முகவரியும் பதிவாகிறது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டொமைன் மட்டும்தான் தெரிகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று இல்லை. இன்னொரு ஸ்பெல்லிங்கா?

நூல்கண்டு:
இல்லை, இது உங்கள் தப்பே இல்லை. பாலிசி எதுவும் சொல்லாத தளத்திலிருந்து வேறு டொமைனுக்குப் போகும்போது பாதையை வெட்டிவிட்டு டொமைனை மட்டும் அனுப்புவது இப்போது பிரவுசர்களின் வழக்கம். குரோம் 2020இல் 85ஆம் பதிப்பிலும், ஃபயர்பாக்ஸ் 2021இல் 87ஆம் பதிப்பிலும் இதற்கு மாறின. உங்கள் தளத்தின் பாலிசி உங்களிடமிருந்து போவதைத்தான் கட்டுப்படுத்தும், வருவதை அனுப்புகிற தளம்தான் முடிவு செய்யும். நீங்களே வெளியில் பகிரும் இணைப்பு என்றால் யுடிஎம் (எங்கிருந்து வந்தது என்று முகவரியிலேயே ஒட்டும் குறி) சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் எடிட்டர் இணைப்புகளில் 'நோரெஃபரர்' (ரெஃபரரை அனுப்பாதே என்ற குறி) சேர்க்கிறதா பாருங்கள். சேர்த்தால் அவுட் பாதைக்கும் ஹெட்டர் வராது, பக்கத்தின் எண்ணையும் இணைப்பிலேயே வைப்பதுதான் வழி.

வழிப்போக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இணைப்பை ஏன் மாற்ற வேண்டும்? மவுஸை மேலே வைத்தால் போகிற இடம் தெரிய வேண்டும், காப்பி செய்தால் நிஜ முகவரி வர வேண்டும், அதுதான் வாசகருக்கு மரியாதை. நான் பிரவுசரின் 'சென்ட்பீக்கன்' வசதியை வைத்திருக்கிறேன். அழுத்தியதும் பின்னணியில் ஒரு போஸ்ட் போய்விடும், பக்கம் மாறினாலும் அறுந்துபோகாது, சர்வர் 204 (உள்ளடக்கமில்லாப் பதில்) கொடுத்தால் போதும். இரண்டு இடத்தில் நான் விழுந்தேன். நடு பட்டனில் திறந்தால் 'கிளிக்' ஈவென்ட் வராது, 'ஆக்ஸ்கிளிக்' கேட்க வேண்டும். அப்புறம் ஜேசனை (தரவை எழுதும் ஒரு வடிவம்) வெறும் ஸ்ட்ரிங்காக அனுப்பினால் அது பிளெய்ன் டெக்ஸ்ட்டாகப் போகும், எக்ஸ்பிரஸின் ஜேசன் பார்சர் அதைத் தொடாது, பாடி காலியாக நிற்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் கிளிக் சில விட்டுப்போகும், எனக்கு அது பரவாயில்லை. இணைப்பிலேயே, அழுத்தியதைத் தானே தெரிவிக்கும் 'பிங்' ஆட்ரிபியூட் போடலாம் என்பார்கள், ஃபயர்பாக்ஸில் அது இயல்பாக அணைந்திருக்கும்.

தட்டச்சன்:
இரண்டையும் ஒரு வாரம் சேர்த்து ஓடவிட்டேன். முதலில் 212 காட்டிய அதே இணைப்புக்கு இந்த வாரம் பாட்களைக் கழித்து அவுட் பாதையில் 11, பீக்கனில் 9. மிடில்வேரைத் தூக்கிவிட்டேன். பழைய மெயில்களில் போன இணைப்புகள் உடையக் கூடாது என்று அவுட் பாதை மட்டும் இருக்கிறது, அதில் இனி எதையும் எண்ணப்போவதில்லை.