நாலாவது படிக்கும் பையனை 'ஜீனியஸ்' பேட்சில் சேர்க்கலாமா?

நங்கநல்லூர் அம்மா:
பள்ளியில் ஐ.க்யூ. டெஸ்ட் வைத்தார்கள். இவன் 'கிஃப்டட்', அடுத்த வருடம் தனி பேட்ச் என்கிறார்கள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை, தெரு முழுக்கச் சொல்லியாச்சு. ஆனால் அதற்கப்புறம் பையன் மாறிவிட்டான். செஸ் கிளாஸில் பெரிய பையன்களோடு ஆடத் துடிப்பவன் இப்போது வயிற்று வலி என்கிறான், தோற்கப்போவது தெரிந்தால் காய்களைக் கலைத்துவிடுகிறான். போன வாரம் ஒரு பெருக்கல் கணக்கு தப்பானதும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கமே கிழிந்துபோனது, "நான் ஜீனியஸ் இல்லைன்னு மிஸ் கண்டுபிடிச்சிடுவாங்களாம்மா?" என்று கேட்டான். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. யூகேஜி படிக்கும் தங்கை வேறு, "அண்ணாதான் அறிவு, நான் டான்ஸ்" என்கிறாள். என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர், மயிலாப்பூர்:
அவன் கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது மேடம். 1998-இல் க்ளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புதிர் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயற்சி செய்தாய்" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லோரும் சறுக்கினார்கள். திரும்பவும் சுலபமானதைக் கொடுத்தால், புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள், மற்றவர்கள் முன்னேறினார்கள். என்னை உலுக்கியது இன்னொன்று: எத்தனை சரி என்று எழுதச் சொன்னபோது, அந்தப் புத்திசாலிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுக் குழந்தை பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

தாம்பரம் வாசி:
அந்தப் பையன் நான்தான் அக்கா. பத்தாவது வரை புத்தகத்தைத் திறக்காமலே முதல் ரேங்க், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னை நிற்க வைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்வார்கள். இன்ஜினியரிங்கில்தான் முதல் தடவையாக ஒரு பாடம் புரியாமல் போனது. பக்கத்தில் இருப்பவன் கையைத் தூக்கி டவுட் கேட்பான், எனக்குக் கை எழாது, கேட்டால் மானம் போய்விடும் என்று பயம். அரியர் மேல் அரியர். புரியாத பாடத்தோடு எப்படி உட்கார்வது என்று எனக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை, இன்னமும் அந்தக் கோபம் உண்டு. தங்கச்சியையும் கவனியுங்கள், என் தம்பி "நான் மக்கு" என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தான்.

அண்ணாநகர் அப்பா:
பேட்சையே வேண்டாம் என்று உதற வேண்டியதில்லை. வகுப்பில் தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டு வாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், என் பெண் அப்படித்தான். பாராட்டும் விதத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம், அறிவை முயற்சியால் வளர்க்கலாம் என்ற ட்வெக்கின் கருத்தை வைத்துப் பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகளில் கிடைத்த பலன் சின்னதுதான். அதே சமயம் டெஸ்ட் சொல்வது வேதவாக்கும் இல்லை. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் கலிபோர்னியாவில் இப்படித்தான் ஐ.க்யூ. டெஸ்ட் வைத்து 1500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். அந்த டெஸ்டில் தேறாத ஷாக்லி 1956-இலும் ஆல்வரெஸ் 1968-இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள், தேறியவர்களில் ஒருவரும் வாங்கவில்லை. பள்ளியில் நேராகக் கேளுங்கள்: அந்த பேட்சில் என்ன சொல்லித் தருவீர்கள், பிடிக்காவிட்டால் பழைய வகுப்புக்குத் திரும்பலாமா? ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கோச்சிங்கைத்தான் வேறு பெயரில் நடத்துகிறார்கள் என்றால் சேர்க்காதீர்கள்.

நங்கநல்லூர் அம்மா:
கேட்கிறேன் சார். மாமியாரிடம் எப்படிச் சொல்வது? மனசு நோகும்.

கணக்கு டீச்சர், மயிலாப்பூர்:
எதுவும் சொல்லாதீர்கள். அவருக்குத் தாயம் ஆடத் தெரியும்தானே? சாயங்காலம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள். தாயம் விழாமல் அவன் காத்திருக்கட்டும், தங்கை காயை வெட்டட்டும், பாட்டி சிரிக்கட்டும். செஸ் கிளாஸுக்குக் கொஞ்ச நாள் கழித்து அவனாகவே கேட்டால் அனுப்புங்கள்.